சுவிட்சில் கட்டிய துண்டு

வைரவனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே விசாரணை வைத்தார்கள். ஆபீசுக்கு வெளியே பெஞ்சில் யோகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வைரவனின் மனைவி அம்மாக்கண்ணு. இருவருக்கும் தோட்டத்து லயன் வரிசையில் அடுத்தடுத்த காம்பிரா, ஒற்றை அறை வீடு. பதினாறு நாளும் அந்த வீட்டுக்குச் சோறு ஆக்கிப் போட்டவள் யோகேஸ்வரிதான். ஒரு விஷயத்தை மட்டும் பதினாறு நாளும் வாய் திறந்து சொல்லவில்லை.

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அங்கே வைரவன் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். மெஷினுக்குள் கை வைக்குமுன் மெயின் சுவிட்சை இறக்குவார். தலைத்துண்டை அவிழ்த்து அதன் கைப்பிடியில் முடிச்சுப் போடுவார். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் சட்டம். கம்பனி பூட்டு வாங்காமல் இல்லை. பாதுகாப்புச் சான்றிதழுக்காகச் சுவிட்சில் போட ஆறு சிவப்புப் பூட்டு வாங்கி, உறை பிரிக்காமல் ஆபீஸ் அலுமாரியில் வைத்திருந்தது. வெளியாட்கள் வந்தால் மட்டும் அவை சுவர்ப் பலகையில் வரிசையாக ஏறும். திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் சாமி நகை தோற்றது போங்கள்.

வைரவன் செத்த அன்றைக்கு வந்தவர்களும் பாதுகாப்பைப் பார்க்கத்தான் வந்தார்கள். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் செல்லசாமி கால் தரையில் படாமல் ஓடிக்கொண்டிருந்தார். ஸ்டோரைக் கூட்டிக்கொண்டிருந்த யோகேஸ்வரியைப் பார்த்துக் கத்தினார்.

"அழுக்குத் துணி ஒண்ணு கண்ணுல படக்கூடாது! அந்தச் சுவிட்சுல என்ன, கோமணமா தொங்குது? எடு அத!"

"ஐயா, அது வைரவண்ணன் கட்டுனதுங்க. ரோலருக்கு அடியில பெல்ட்டு மாத்துறாரு."

"தெரியும், எடு! அவங்க போனதும் திரும்பக் கட்டிக்க."

யோகேஸ்வரி முடிச்சை அவிழ்த்து, துண்டை இடுப்பில் செருகிக்கொண்டாள். சுவிட்சைப் பார்த்துக்கொள்கிற விஜிதரனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நடந்தாள். பாதி வழியில், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லி அதே குரல் கத்தியது. திரும்பிப் போனாள்.

வந்தவர்கள் பூட்டுகளைப் படம் பிடித்தார்கள், பாராட்டினார்கள், மெஷின் ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். பாராட்டில் மயங்கி நின்ற செல்லசாமி விஜிதரனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். விஜிதரன் கைப்பிடியைப் பார்த்தான். வெறுமையாக இருந்தது. தூக்கிவிட்டான். யோகேஸ்வரி தட்டும் கோப்பையுமாக வாசலில் நின்றபோது அந்தச் சத்தம் கேட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னே வைரவனுக்கு உயிர் இல்லை.

அடுத்த நாளே கதை தயாராகிவிட்டது. பூட்டு இருந்தும் வைரவன் பூட்டவில்லை, துண்டு கட்டவும் மறந்துவிட்டார். செல்லசாமி ஒரு சேவல் வாங்கி, மெஷினைக் காக்கும் ரோதை முனிக்கு அறுத்து, முனி காவு கேட்டுவிட்டது என்று பழியில் பாதியை அதன் தலையில் கட்டினார். முனியா சுவிட்சைத் தூக்கியது? மீதிப் பழி விஜிதரனுக்கு. மூன்று நாள் பொலிசில் இருந்துவிட்டு வந்தவன் யாரிடமும் பேசுவதில்லை.

அம்மாக்கண்ணு தினமும் ஒன்றையே கேட்டாள். "அவரு மறக்கிற ஆளாடி? நீயே சொல்லு."

சொன்னால் வேலை போகும், காம்பிராவும் போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதன் பிறகு அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

உள்ளே கூப்பிட்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரிக்குச் சிங்களம்தான், தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் செல்லசாமியேதான். கதவருகே விஜிதரன் தலை குனிந்து நின்றான். அவனைப் பார்த்தவள் நேரே அதிகாரியின் மேசைக்குப் போனாள்.

"துண்டு கட்டியிருந்தாருங்க. நாந்தான் அவுத்தேன்" என்று சொல்லிவிட்டாள்.

செல்லசாமி கண் இமைக்கவில்லை. நிதானமாகச் சிங்களத்தில் ஏதோ சொல்லி, "துவாயக் திபுனே நே" என்று முடித்தார். அதிகாரி எழுதத் தொடங்கினார்.

யோகேஸ்வரிக்குத் தெரிந்தது ஹட்டன் மரக்கறிக் கடைச் சிங்களம். சாமான் இல்லை என்றால் கடைக்காரன் சொல்லும் சொல் அந்த 'நே'. துண்டு இருக்கவில்லை என்கிறார்!

"பொய்! திபுனா மாத்தயா!" என்று கத்தினாள். "மம தமய் அயின் களே!" இருந்தது ஐயா, எடுத்தது நான்தான் என்று மார்பில் தட்டிக் காட்டினாள்.

எழுதிய கை நின்றது. "கவுத கிவ்வே?" என்றார் அதிகாரி. யார் சொல்லி எடுத்தாய்?

அதற்குப் பாஷை தேவைப்படவில்லை. மொழிபெயர்த்தவரை நோக்கி விரலை நீட்டினாள்.

செல்லசாமியை வெளியே அனுப்பிவிட்டு, பூட்டு இருந்த அலுமாரியையும் திறக்கச் சொல்லி, அவளுடைய கடைச் சிங்களத்தையே கேட்டு அதிகாரி முதலிலிருந்து எழுதினார். விஜிதரன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

கதவு திறந்தே கிடந்ததால் பெஞ்சில் இருந்த அம்மாக்கண்ணுவுக்கு எல்லாமே கேட்டிருந்தது. யோகேஸ்வரி வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் மறக்கலக்கா. எழுதிட்டாங்க."

"அவரு மறக்க மாட்டாருன்னு எனக்கு எழுதியா காட்டணும்?" என்றாள் அம்மாக்கண்ணு.  பிறகு காலை உருவிக்கொண்டாள்.

"எடுத்தவ, போய் அவருகிட்ட ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதாடி?"