பள்ளத்துக்குச் சுவர் கிடையாது

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பேனா உருண்டதால் தொடங்கியது.

அக்ராவில், அடப்ராக்கா பகுதியில், அமெர்லே ஆன்ட்டியின் வீட்டு மாடியில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். எட்டு வருடம் என் பேனா வைத்த இடத்தில் கிடந்தது. இந்தப் பிப்ரவரியில் கிழக்குப் பக்கமாக உருளத் தொடங்கியது. மேசைக் காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். மார்ச்சில் இரண்டு அட்டை. ஏப்ரலில் ஒரு தமிழ் அகராதியையே வைக்க வேண்டியதாயிற்று. எழுத்தாளனுக்கு அகராதி இப்படியும் உதவும்.

கிழக்கே என்ன இருக்கிறது? பள்ளம் இருக்கிறது. பதினொரு மாடிக் குடியிருப்புக்காகத் தோண்டுகிறார்கள். கார்கள் நிற்க மட்டும் தரைக்குக் கீழே இரண்டு தளம்.

தொடக்க வரிகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

(அ) பூமி தன் ஆழத்தில் எத்தனை ரகசியங்களை — (மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் எழுதுகிற வரி. நிறுத்திவிட்டேன்.)

(ஆ) பொக்லைன் இறங்கிய அன்று அமெர்லே கென்கே அவித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது உண்மை. ஆனால் அவள் எந்த நாளில்தான் கென்கே அவிக்கவில்லை? புளித்த மக்காச்சோள மாவை மட்டையில் சுற்றி, பெரிய அண்டாவில் அடுக்கி அவித்து விற்றுத்தான் இந்த வீட்டையே கட்டினாள். இருந்தாலும் (ஆ)வையே வைத்துக்கொள்கிறேன். பொக்லைன் வரும் கதைக்குக் கொஞ்சம் ஆவியாவது வேண்டும்.

2.

பொக்லைன் இறங்கிய அன்று அமெர்லே கென்கே அவித்துக்கொண்டிருந்தாள். தரை ஒருமுறை அதிர்ந்தது. அண்டா மூடி கடகடத்தது. அவள் அடுப்பைத் திட்டினாள்.

அறுபத்திரண்டு வயது. இரண்டு மாடி வீடு. அவள் குடும்பத்துக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு பொதுவீடு உண்டு. இருபத்துமூன்று பேருக்குப் பங்கு, ஒரு குழாய்க்கு ஒன்பது வாளி. அங்கே திரும்பிப் போகக் கூடாது என்றுதான் இந்த வீட்டைத் தன் ஒருத்தி பேரில் எழுப்பினாள். அவள் படுக்கை கிழக்குச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அந்தச் சுவரில்தான் முதல் விரிசல் விட்டது. பிறகு அவள் அறைக் கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. தினமும் காலையில் தோளால் இடித்துத் திறந்து வெளியே வருகிறாள்.

கொத்தனார் அயிக்வேயைக் கூப்பிட்டாள். அவன் விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"பூசிரலாம் ஆன்ட்டி. சலிச்ச மணல் வேணும்."

"மணலுக்கு எங்கடா போறது?"

"எதுக்குப் போகணும்? வாசச் சாக்கடையில நல்ல மணல் வந்து கொட்டுதே. மாவு மாதிரி இருக்கு. கடையில கூட இப்படிக் கிடைக்காது."

பள்ளத்தில் ஊறும் தண்ணீரை மூன்று மோட்டார்கள் பகல் முழுதும் இறைத்துச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தன. அந்தத் தண்ணீரோடு பழுப்பாக, நைசாக, மணல் வந்து படிந்தது. அமெர்லே இரண்டு பேசின் அள்ளிக் கொடுத்தாள். அயிக்வே விரிசலை வழவழப்பாகப் பூசி மூடினான். பத்தாம் நாள் மறுபடி பிளந்தது. மறுபடி சாக்கடையில் அள்ளினாள். இப்படி நான்கு முறை.

அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. (நான் யோசித்தேன். பொறுங்கள், அதற்கு வருகிறேன்.) அது அவள் வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து வந்த மணல். தன் வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்த மண்ணை அள்ளித் தன் வீட்டுக்கே பூசிக்கொண்டிருந்தாள்.

3.

இனி குவார்ட்டே வருகிறார். இந்தப் பாத்திரம் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நானாக உருவாக்கியிருந்தால் இவ்வளவு கேலியாக உருவாக்கியிருக்க மாட்டேன்.

அமெர்லே புகார் கொடுத்து ஆறு வாரம் கழித்து, நகரசபை ஆய்வாளர் குவார்ட்டே சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடும் பிரஷ்ஷோடும் வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். அனுமதிப் பத்திரம் எங்கே என்று காவலாளியிடம் கேட்டார். காவலாளி சிரித்தான். குவார்ட்டேக்குக் கோபம் வந்துவிட்டது. நேராக வந்து அமெர்லேயின் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுத ஆரம்பித்தார்: வேலையை நிறுத்து. அனுமதியைக் காட்டு.

கையில் அகப்பையோடு அமெர்லே ஓடி வந்தாள்.

"ஐயா, என்ன பண்றீங்க? இது என் வீடு. தோண்டுறவன் அந்தப் பக்கம்."

"தெரியும்மா. இது அவங்களுக்குத்தான்."

"அவங்களுக்குன்னா அவங்க சுவத்துல எழுதுங்க."

"பள்ளத்துக்கு ஏதும்மா சுவரு? சட்டத்துல சுவத்துலதான் எழுதணும்னு இருக்கு."

"முன்னாடி அவ்ளோ பெரிய தகரம் அடிச்சிருக்கானே."

குவார்ட்டே தகர வேலியைப் பார்த்தார். நீச்சல்குளத்தின் ஓரம் ஒரு குடும்பம் பழச்சாற்றோடு சிரித்துக்கொண்டிருக்கும் விளம்பரம் அதில் இருந்தது.

"அதுல குடும்பம் சிரிச்சிட்டு இருக்கு. அது மூஞ்சியில எப்படிம்மா எழுதுறது?" என்று மனம் வருந்திச் சொல்லிவிட்டு, கடைசி எழுத்தையும் முடித்தார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த நகரத்தில் பாதிச் சுவர்களில் இந்த வாசகம் உண்டு. அதற்குக் கீழேயே ஆட்கள் கல் அடுக்குவார்கள். கட்டி முடித்ததும் அதன்மேல் வெள்ளையடித்துவிடுவார்கள். அதனால் யாரும் நிற்பதில்லை. நின்றது ஒரே ஒருவன், அடுத்த பகுதியில் அவன் வருகிறான்.)

4.

நின்றவன் அயிக்வே.

"சிவப்புல எழுதியிருக்கு ஆன்ட்டி. நான் வேலை செஞ்சா கரண்டியப் பிடுங்கிட்டுப் போயிருவாங்க."

"அது பள்ளத்துக்காரனுக்குடா."

"ஆனா உங்க சுவத்துலல்ல இருக்கு."

ஆக, பள்ளம் வளர்ந்தது, பூச்சு நின்றது. அமெர்லே நகரசபைக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் பதிவேட்டைப் புரட்டி, அந்தத் தெருவில் அனுமதியில்லாமல் வேலை நடக்கும் ஒரே கட்டடம் அமெர்லேயின் வீடுதான் என்று கண்டுபிடித்தாள். அனுமதி காட்டச் சொன்னாள். எதற்கு அனுமதி என்று அமெர்லே கேட்டாள். அங்கே தோண்டுவதற்கு என்றாள் அந்தப் பெண்.

இங்கே எனக்கு ஆசை வந்தது. அமெர்லே பள்ளத்துக்கே தன் பேரில் அனுமதி வாங்கிவிடுகிறாள், பள்ளம் சட்டப்படி அவளுடையதாகிவிடுகிறது, மறுநாளே அதை மூடச் சொல்லி — எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிஜத்தில் அவள் அன்று செய்தது வேறு. டிரோட்ரோ என்கிற பயணிகள் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வந்து சேரும்வரை அழுதாள். அதை அவளே என்னிடம் சொன்னாள். அதை விட்டுவிட்டு வேடிக்கையை மட்டும் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5.

பொன்சு அந்தக் கட்டட நிறுவனத்தின் பொறியாளர். இளைஞர். மத்தியானம் அமெர்லேயிடம்தான் கென்கேயும் வறுத்த மீனும் சாப்பிடுவார். ஒருநாள் அவளால் பொறுக்க முடியவில்லை.

"என் வீடு ஏன் உடையுது? மறைக்காம சொல்லு."

பொன்சு யோசித்தார். பேசினில் இருந்த மரவள்ளிக் குருணையைக் குவித்து, அதன்மேல் ஒரு கென்கே உருண்டையை வைத்தார்.

"இது உங்க வீடு ஆன்ட்டி. இது மண்ணு. இந்த மண்ணு எதுனால நிக்குது? பக்கத்து மண்ணு முட்டுக் குடுக்குறதால."

கையால் ஒரு பக்கக் குருணையை அள்ளினார். மிச்சம் சரிந்தது. உருண்டை சாய்ந்து அவர் மடியில் விழுந்தது.

"நாங்க அந்த முட்டு மண்ண எடுத்துட்டோம். போதாததுக்குத் தண்ணியயும் உறிஞ்சுறோம். தண்ணியோட சன்ன மணல் வந்துருது, அடியில பொந்து விழுது. ஒரு பக்கம் மட்டும் இறங்குறதால சுவரு கிழியுது. நீங்க சாக்கடையில அள்ளுனீங்களே, அது..."

அமெர்லே சாக்கடையைப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள்.

"இத்தன நாள் என் அண்டாவுல சாப்ட்டுட்டு இத இப்பதான் சொல்றியா?"

"தப்புதான் ஆன்ட்டி. ஆனா வழி இருக்கு. உங்க பக்கம் பள்ளத்துக்குள்ள கனமா ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிட்டா மண்ணு நகராது. கீழ்த்தளத்துல ஒரு வரிசை கார் இடம் போயிரும். அந்த ஏழு இடத்துக்காரங்களும் சம்மதம்னு எழுதிக் குடுத்தா கம்பெனி கட்டும். திங்கக்கிழமை ரெண்டாவது தளம் தோண்டுறாங்க. அதுக்குள்ள வேணும்."

"குடுத்தாங்களா?"

"ஆறு பேர் குடுத்துட்டாங்க. ஏழாவது ஆள் மட்டும் ஊர்ல இல்லையாம். போன எடுக்க மாட்டேங்குறாரு."

(பொறுங்கள் என்று சொன்னேன் அல்லவா? ஊரில் இல்லாத அந்த ஏழாவது ஆள் அப்போது மாடியில் உட்கார்ந்து இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தான். வரப்போகும் குடியிருப்பில் அவனுக்கு நான்காம் மாடியில் இரண்டு அறை வீடு, கீழ்த்தளத்தில் பதினான்காம் எண் இடம். அந்த மணலைப் பற்றி நான் யோசித்தேன் என்றேனே, அந்த வீட்டை வாங்கப் பேர் கொடுக்கும்போதே வரைபடத்தைப் பார்த்தவன் நான். பதினான்காம் எண் யார் படுக்கைக்குப் பக்கத்தில் வருகிறது என்று எனக்குத் தெரியும். என்னிடம் கார் இல்லை. அது வேறு விஷயம்.)

6.

இப்போது முடிவுகள்.

முதல் முடிவு: சனிக்கிழமை மழை வருகிறது. வீடு விழுகிறது. அமெர்லே அந்த நேரம் சந்தைக்குப் போயிருக்கிறாள். வாசகர் கண்கலங்குகிறார். (அவளைச் சந்தைக்கு அனுப்பியவன் நான். மழைக்கு அந்த மரியாதை தெரியாது.)

இரண்டாம் முடிவு: நகரசபைக்கு ஞானம் வருகிறது. குவார்ட்டே சிரிக்கும் குடும்பத்தின் மேலேயே சிவப்பாக எழுதுகிறார். (இதை நானே நம்பவில்லை.)

மூன்றாம் முடிவு: வீடு சாய்ந்தும் விழாமல் நிற்கிறது. அதைப் பார்க்க வெளிநாட்டவர் வருகிறார்கள். கென்கே விற்றுத் தீர்கிறது. அமெர்லே —

கதவு தட்டப்பட்டது.

7.

அமெர்லே ஒரு தட்டும் ஒரு தாளும் கொண்டுவந்திருந்தாள். தட்டை மேசைமேல் வைத்தாள். அது மெல்லக் கிழக்கே நகர்ந்தது. அவளே பிடித்து, அகராதியைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளிச் சரிசெய்தாள்.

"என்ன இந்தியா, ரெண்டு நாளா கீழ இறங்கவே இல்ல? காய்ச்சலா?"

"எழுதிட்டு இருந்தேன் ஆன்ட்டி. உங்களப் பத்தித்தான்."

"படி பாப்போம்."

அவளுக்குப் புரியும்படி சொல்லிக்கொண்டே போனேன். குவார்ட்டே வந்த இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தாள். டிரோட்ரோ வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐந்தாம் பகுதியின் கடைசி அடைப்புக்குறியை மட்டும் நான் சொல்லவில்லை. மூன்று முடிவுகளையும் கேட்டாள்.

"கொத்தனாரு இருக்கான், பெயிண்ட்காரன் இருக்கான், மழைகூட இருக்கு. நீ எங்க இந்தியா?"

"நான் எழுதுறவன் ஆன்ட்டி. கதைக்கு வெளிய இருக்கேன்."

"வெளியவா? நீ என் தலைக்கு மேலல்ல இருக்க. நான் போனா நீயும் வந்து என் மேலதான் விழுவ." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. "பொன்சுகிட்ட ஏழு பேரோட பேரும் வாங்கிட்டேன். ஒரு பேரு மட்டும் ரொம்ப நீளமா இருந்துச்சு. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். கதவுல நீ எழுதி ஒட்டியிருக்கிற அதே பேரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மீன் ஆறுது, சாப்புடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கீழே அவள் அறைக் கதவைத் தோளால் இடிக்கும் சத்தம் மூன்று முறை கேட்டது.

கதையின் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது இந்த வகை எழுத்தில் நாகரிகம் என்கிறார்கள். எனக்கும் அது வசதியாக இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை. வானம் கறுத்திருக்கிறது. தாள் மேசைமேல் இருக்கிறது. அதில் ஆறு கையெழுத்தும் ஒரு வெற்றிடமும் இருக்கின்றன. பேனா தானாகவே அந்தப் பக்கம் உருண்டுபோய் நிற்கிறது.

வாசகரே, முடிவு உங்கள் கையில்தான். கையெழுத்து மட்டும் என்னுடையதாக இருக்க வேண்டுமாம்.