மாவுக்கட்டுக்குள் செத்த சதை

மிளகு பறிக்கப் போன பொன்னன் ஏணி சறுக்கி விழுந்து வலது முன்கையை முறித்துக்கொண்டான். மலையிறக்கி அடிவாரத்துக் கிளினிக் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். காலை பத்து மணிக்கு மாவுக்கட்டுப் போட்டு, பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு அவன் முனக ஆரம்பித்தான். விரல்கள் வெளிறி வீங்கியிருந்தன. மனைவி மயிலம்மாள் ஒரு விரலைக் கிள்ளினாள்.

"தெரியுதுங்களா?"

"ஒண்ணும் தெரியல புள்ள. உள்ளதான் கிழிக்குது."

கம்பவுண்டரிடம் சொன்னாள். எலும்பு முறிந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று ஒரு மாத்திரை கொடுத்தான். ஒரு மணிக்குப் போனாள். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று மணிக்குப் போனபோது கம்பவுண்டர் சிரித்தான்.

"மலையில மூட்டை தூக்குற ஆளுதானே? இதைத் தாங்க மாட்டாரா?"

மயிலம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோளக்காடு ஊரில் அண்ணனின் கறிக்கடையில் எட்டு வருஷம் கத்தி பிடித்தவள் அவள். சதை எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேலே வெள்ளைச் சவ்வு உறைபோல இறுக்கிப் பிடித்திருக்கும். உள்ளே கற்றை கற்றையாய், கற்றைக்குள் நூல் நூலாய்ச் சதை. அந்தச் சவ்வை எவ்வளவு இழுத்தாலும் நீளாது. அதன்மேல் மாவுக்கட்டும் இறுக்கினால், வீங்குகிற சதை எங்கே போகும்?

"கட்டைப் பிரிங்க."

"டாக்டர் சொல்லாம தொட முடியாதும்மா."

"கை செத்துப்போனா உங்க டாக்டர் வந்து ஒட்டவெப்பாரா?"

தட்டில் கிடந்த, மாவுக்கட்டு வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்தாள். குறுக்கே வந்த கம்பவுண்டர் அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கினான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கட்டை வெட்டினாள், அடியிலிருந்த பஞ்சையும் சேர்த்து. இரண்டு இடத்தில் தோல் கீறியது. பொன்னன் வாய்விட்டு அழுதான்.

ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்த டாக்டர் யமுனா விரலை மெல்ல நிமிர்த்தியதுமே பொன்னன் அலறினான். உடனே ஆபரேஷன் செய்து, சவ்வை நீளமாய்க் கீறித் திறந்துவிட்டார்கள்.

"விரலை மடக்குற தசையெல்லாம் முன்கையிலதாம்மா இருக்கு" என்றார் டாக்டர். "அது சுருங்கி, தசைநாணைப் பிடிச்சு விரலை இழுக்கும். ரத்தம் போகாம ஆழத்துல கொஞ்சம் செத்துடுச்சு. ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா முழுசாக் காப்பாத்தியிருக்கலாம்."

கை தப்பியது. ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கினபடியே நின்றுவிட்டன.

மயிலம்மாள் விடவில்லை. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து, நான்கு மாதம் நடையாய் நடந்து விசாரணை வரவைத்தாள். கிளினிக் டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதிகாரியிடம் சொன்னார்: "இந்தம்மா கண்டபடி கட்டை வெட்டினதுலதான் சார் கை போச்சு."

மாவுக்கட்டு இறுக்கி ரத்தம் போகாமல்தான் தசை செத்தது என்று பெரிய ஆஸ்பத்திரி எழுதிக்கொடுத்த சீட்டை அதிகாரியின் மேஜைமேல் அறைந்தாற்போல் வைத்தாள்.

"ஆமாங்க, நாந்தான் வெட்டுனேன். பன்னண்டு மணிக்கே வெட்டியிருக்கோணும். இவங்க பேச்சை நம்பி மூணு மணிவரைக்கும் உக்காந்திருந்தேன் பாருங்க, அதுக்கு எம்மேலயே எனக்கு ஆத்திரம் தீரலீங்க."