மூன்று கொட்டேஷன்

ஷாலினிக்கு வேலை போய்ப் பத்து நாள் ஆகியிருந்தபோது, ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த அவள் ஊர்ப் பையன் கிளமெண்ட் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தான். அவளுடைய வேலை போனது அவனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

“அக்கா, நீங்க கம்பெனில பர்ச்சேஸ்லதானே கீறீங்க?” என்றான்.

“ஆமா, இன்னா விஷயம்?”

“எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும். கேம் ஆடுறதுக்கு. ரெடிமேட் வேணாம், பார்ட் பார்ட்டா வாங்கி நாமே மாட்டறது. அறுபதாயிரம் வச்சிருக்கேன். அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது.”

கிளமெண்ட் ஒயிட்பீல்டில் ஒரு கூரியர் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்த்தான். இருபத்தாறு வயது. அவனோடு போனில் போட்டி ஆடிக்கொண்டிருந்த நாலு பேரும் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டார்கள். இவன் மட்டும் பாக்கி. பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்க அவனுக்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் அன்றைக்குக் கடைகளும் லீவு.

“எனக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாதுப்பா.”

“உங்களுக்குப் பேரம் தெரியும் இல்ல? அது போதும்க்கா.”

சரி என்று சொல்லிவிட்டாள். ஒயிட்பீல்டில் அவன் இறங்கிப் போனான். அடுத்து கே.ஆர்.புரம். ஏழு வருஷம் தினமும் இறங்கிய ஸ்டேஷன். அவள் இறங்கவில்லை.

அவள் வேலை பார்த்தது வால்வு உதிரிகள் செய்யும் சின்ன கம்பெனி. முதலாளி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்துகொண்டதில் பர்ச்சேஸ் பிரிவே வேண்டாம் என்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார்கள். இரண்டு மாதச் சம்பளம் கையில். அன்றைக்கே கணவன் ராகுலனிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ராகுலன் ஆறு மாதத்துக்கு முன்னால்தான் தன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு தங்கச் சுரங்கம் மூடிப்போன தங்கள் ஊரிலேயே, ராபர்ட்சன்பேட்டையில், ஒரு ஆன்லைன் சென்டர் போட்டிருந்தான். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பரீட்சை விண்ணப்பம். “உன் சம்பளம் இருக்குதுன்னுதான் எனக்கு தைரியம்” என்று கடை திறந்த அன்றைக்குச் சொன்னான். அதனால் அவள் சொல்லவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் சாம்பியன் ஸ்டேஷனுக்குப் போய் வண்டி ஏறிவிட்டாள். மறுநாளும்.

அந்தப் பத்து நாளில் அவளால் ஓரிடத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. பூங்காவில் உட்கார்ந்தால் எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் இருக்கும். எழுந்து நடப்பாள். பஸ் ஏறுவாள், நாலு ஸ்டாப் தள்ளி இறங்கித் திரும்பி வருவாள். பதினொரு கம்பெனிக்கு பயோடேட்டா அனுப்பியிருந்தாள். போனை எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

இப்போது போக ஓர் இடம் கிடைத்தது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏழு சாமான்களை எழுதிக்கொண்டு எஸ்.பி. ரோட்டில் முதல் கடையில் ஏறினாள். “யாருக்கு மேடம், பையனுக்கா?” என்றார்கள். அவளுக்குக் குழந்தை இல்லை. இரண்டாவது கடையிலும் அதே கேள்வி. மூன்றாவது கடை ஒரு மாடிப்படிக்கு மேலே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டிய அகலத்தில் இருந்தது. அதன் சொந்தக்காரர் நாகேஷ் மட்டும், “இன்னா கேம் ஆடுறாங்க?” என்று கேட்டார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர்.

“நோடி, பாருங்க மேடம், படத்தை வரையறது கிராபிக்ஸ் கார்டு. கணக்குப் போடறது பிராசஸர். கார்டு பெரிசா வாங்கி பிராசஸர் சின்னதா போட்டா, கார்டு சும்மா உக்காந்துக்கும். உல்டா பண்ணாலும் அதே கதை. ரெண்டும் ஜோடி சேரணும்.”

இது அவளுக்குப் புரிந்தது. ஆனால் அந்த ஜோடியைச் சேர்ப்பதுதான் முடியாமல் இருந்தது. நல்ல கார்டைப் போட்டால் பிராசஸர் இறங்கியது. பிராசஸரை ஏற்றினால் அதற்குப் பொருந்தும் மதர்போர்டு விலை ஏறியது. எல்லாம் சரியாக வந்த அன்று ரேம் விலை ஏறியது. அந்த மாதம் ரேம் விலை எல்லாக் கடையிலும் தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தது. “இது இன்னிக்கு ரேட். நாளைக்கு வந்து இதே ரேட்டைக் கேக்காதீங்க” என்றார் நாகேஷ்.

மூன்று கடையிலும் கொட்டேஷன் வாங்கினாள். மறுநாள் போய்த் திரும்பவும் வாங்கினாள். கம்பெனியில் செய்ததுபோலவே கட்டம் போட்டு ஒப்பிட்டாள். பிடிக்கவில்லை, கிழித்துவிட்டு வேறு போட்டாள். ஒரு வாரத்தில் நோட்டின் பாதி தீர்ந்தது. ராத்திரி வீட்டில் தோசை ஊற்றும்போதுகூட கை நின்றுவிடும். கார்டில் இரண்டாயிரம் குறைத்தால்?

காலையில் ரயிலில் கிளமெண்டோடு தகராறு. அவனுக்கு முன்பக்கமெல்லாம் கண்ணாடி வைத்து, உள்ளே கலர் கலராக விளக்கு எரிகிற கேபினெட் வேண்டும்.

“உங்க வீடு எங்க கீது?” என்றாள் ஷாலினி.

“தெரியாத மாதிரி கேக்குறீங்களே. சயனைடு மேட்டுக்கு எதுக்க.” மூடிப்போன சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த மேடு அது.

“காத்துக் காலத்துல அங்கேர்ந்து மண்ணு எப்படிப் பறக்குது? சோத்துத் தட்டுல விழுது. அந்த மண்ணு கம்ப்யூட்டர்ல விழாதா? தூசி வடிகட்டுற வலை வச்ச கேபினெட்தான் வாங்குவேன். முன்னால கம்பி வலை, காத்து போற மாதிரி.”

“கிரைண்டர் மாதிரி இருக்கும்க்கா.”

“இருந்துட்டுப் போகட்டும். இன்னொண்ணு. கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி இருக்குதே, எஸ்எம்பிஎஸ். அதுல மட்டம் வாங்கக் கூடாது. நம்ம லைன்ல வோல்டேஜ் ஏறி இறங்குறது உனக்கே தெரியும். போன வருஷம் எங்க பிரிட்ஜ் போச்சு.”

கிளமெண்ட் போனில் கேபினெட் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு, “அப்ப ஒரே ஒரு லைட்டு எரியற பேனாவது” என்றான்.

“பாக்கிறேன்” என்றாள்.

சாயங்காலம் வீட்டில் ராகுலன், “ஆபீஸ்ல இன்னா விசேஷம்?” என்று கேட்பான்.

“ஒரு பார்ட்டி தினமும் ரேட்டை ஏத்திக்கினே போறான். தலைவலி.”

“வேற பார்ட்டி பாக்க வேண்டியதுதானே” என்பான் அவன், அக்கறையாக.

பொய் இல்லாமலே பொய் சொல்ல வந்துவிட்டதே என்று அவளுக்கு பயமாக இருந்தது. ராத்திரி தூக்கத்தில் காலை உதைத்துக்கொள்கிறாள் என்று ராகுலன் சொன்னான். வேலை அதிகம் என்றாள்.

நடுவில் பீன்யாவில் ஓர் இன்டர்வியூவுக்குப் போய் வந்தாள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லவில்லை. அன்றைக்கு நேராக நாகேஷ் கடைக்குப் போய், இனி இழுக்க முடியாது, முடித்துவிடுங்கள் என்றாள். ஆனால் புது ரேம் போட்டால் அறுபதைத் தாண்டியது. கார்டைக் குறைக்க அவளுக்கு மனசில்லை. அதற்காகத்தான் கிளமெண்ட் காசு சேர்த்தான். எஸ்எம்பிஎஸ்ஸைக் குறைக்க பயம். கடைசியில் நாகேஷ் பழைய ரேம் இரண்டு எடுத்துக் காட்டினார். யாரோ ஆபீஸிலிருந்து கழற்றியவை. பாதி விலை, ஒரு மாத கேரண்டி. அவள் பழைய சாமான் வாங்குகிற ஆள் இல்லை. வாங்கினாள்.

சனிக்கிழமை எல்லாவற்றையும் இரண்டு பையில் போட்டு ரயிலில் கொண்டுவந்தாள். கிராபிக்ஸ் கார்டு பெட்டியை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளமெண்ட் வீட்டில் மாட்டினார்கள். ராகுலனும் வந்தான், ஸ்க்ரூட்ரைவர் பிடிக்கவும் விண்டோஸ் ஏற்றவும் அவனுக்குத் தெரியும். ஆபீஸ் விட்டு வரும் வழியில் வாங்கியதாக ஷாலினி அவனிடம் சொல்லியிருந்தாள். கிளமெண்டின் அம்மா பியாட்ரிஸ் கட்டிலை ஓரம் தள்ளி, தரையில் பாய் விரித்துக் கொடுத்தாள். டீ வந்தது. மூன்று பேரும் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

கிளமெண்ட் ஸ்விட்சை அழுத்தினான். விசிறிகள் சுற்றின. ஒரே ஒரு விளக்கு நீலமாக எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

அணைத்துப் போட்டார்கள். வரவில்லை. ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினார்கள். திரை கறுப்பாகவே இருந்தது.

“போச்சா?” என்றாள் பியாட்ரிஸ்.

கிளமெண்ட் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் சேர்த்த காசு. இந்த இருபது நாளில் நாகேஷ் கடையில் ஷாலினி கொட்டேஷனுக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் பின்னால் ஒருவர் ரிப்பேர் செய்துகொண்டிருப்பார், திரை வராவிட்டால் அவர் முதலில் ரேமைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். “கரண்டை நிறுத்து” என்றாள். ரேம் இரண்டையும் கழற்றினாள். ஒன்றை மட்டும் போட்டு, ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். போட்டார்கள். கறுப்பு. அதை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டாள்.

திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

“வந்துச்சுக்கா, வந்துச்சு” என்றான் கிளமெண்ட். பியாட்ரிஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

“இது ஒண்ணு கெட்டுப்போச்சு” என்று கையிலிருந்ததைக் காட்டினாள் ஷாலினி. “பழசுன்னு தெரிஞ்சே வாங்கினேன். என் தப்புதான்.”

“இருக்கட்டும்க்கா. பாதி ஸ்பீடுல ஓடட்டும்.”

“இன்னாத்துக்குப் பாதி? கேரண்டி இருக்குது. நாளைக்குப் பத்தரைக்குக் கடை தெறப்பாங்க. நானே போயி மாத்திக்கினு வரேன்.”

கேபினெட்டின் பக்கத் தகட்டுக்கு ஸ்க்ரூ போட்டுக்கொண்டிருந்த ராகுலன், “பத்தரைக்கு நீ ஆபீஸ்லதானே இருப்ப?” என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

அரை நாள் லீவு என்று சொல்லலாம். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாமே அலுத்துப்போனது.

“ஆபீஸ் இல்லீங்க” என்றாள். “வேலை போயிடுச்சு. ஒரு மாசமாச்சு.”

கிளமெண்ட் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பதுபோல் நின்றுகொண்டான். ராகுலன் கையிலிருந்த ஸ்க்ரூவை முழுசாக முடுக்கினான். துணியில் கையைத் துடைத்தான்.

“வீட்டுக்குப் போலாம்” என்றான்.

சுரங்கத் தொழிலாளர்களின் பழைய லைன் வீடுகளுக்கு நடுவே இருவரும் நடந்தார்கள். இன்னும் வெயில் இருந்தது. ராகுலன் வேகமாக நடந்தான், அவள் பின்தங்கினாள். தண்ணீர்க் குழாய் தாண்டியதும் அவன் நின்றான்.

“ஒரு மாசமா காலையில அஞ்சு மணிக்கு எழுந்து உனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்தேனே. அதை எங்க உக்காந்து சாப்பிட்ட?”

திட்டுவான் என்று நினைத்திருந்தாள். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“டவுன்ஹால் படிக்கட்டுல. அப்புறம் பூங்காவுல. மழை வந்த அன்னிக்கு அந்த நாகேஷ் கடையில.”

“ஏன் சொல்லல?”

“நீங்க சென்டரை மூடிட்டுத் திரும்ப வண்டி ஏறிடுவீங்கன்னுதான்.”

“ஏறுவேனோ மாட்டேனோ, அது நான் யோசிக்க வேண்டியது. நான் பயந்துடுவேன்னு நீயே முடிவு பண்ணிட்ட. என்னைக் கேக்கவே இல்ல.”

ராத்திரி அவன் சாப்பிட்டான், கடைச் சாவியை எடுத்துப் பார்த்தான், வைத்தான். படுக்கும்போது மட்டும், “எட்டரை வண்டிக்குப் போ. எதுக்கு விடியக்காலமே போயி ரோட்டுல நிக்கற?” என்றான்.

திங்கட்கிழமை எட்டரை வண்டியில் கூட்டமே இல்லை. ஜன்னல் ஓரம் கிடைத்தது. நாகேஷ் கெட்ட ரேமை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, வேறொன்றை எடுத்து இரண்டையும் சேர்த்து ஓட்டிக் காட்டினார். முணுமுணுக்கவில்லை.

“அடுத்து யாருக்கு மேடம்?”

“யாருக்கும் இல்ல சார்” என்றாள். அப்புறம், கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. “எனக்கு வேலை இல்ல. பர்ச்சேஸ்ல ஏழு வருஷம். உங்களுக்குத் தெரிஞ்ச கம்பெனி ஏதாவது இருந்தா சொல்லுங்க.”

நாகேஷ் அவளைப் பார்த்தார். “மூணு வாரமா என் உயிரை எடுத்தீங்க. எட்டாயிரம் கொறைச்சீங்க. அது வேலை இல்லாம செஞ்சதா?” என்றவர், பில் புத்தகத்தின் பின்பக்கத்தைக் கிழித்து இரண்டு நம்பர் எழுதிக் கொடுத்தார். “நான் கேரண்டி சொல்ல மாட்டேன். பேசிப் பாருங்க.”

படியில் நின்றபடியே பேசினாள். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் வியாழக்கிழமை வரச் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை சரிப்படவில்லை. ராகுலனுக்குக் கோபம் ஆறப் பத்து நாள் பிடித்தது. அதற்குள் ஒரு நாள் அவனே தன் சென்டர் கம்ப்யூட்டரில் அவளுடைய பயோடேட்டாவை உட்கார்ந்து திருத்தினான். “ரேட் குறைச்சதெல்லாம் எழுது, எவ்ளோன்னு நம்பரோட எழுது” என்று அதட்டினான். காலையில் கூட்டமான நேரத்தில் அவள் சென்டரில் உட்கார்ந்து ஆதார் வரிசையைப் பார்த்துக்கொண்டாள். ஒன்றரை மாதம் கழித்து மாலூரில் ஒரு பெயின்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. போகிற தூரமும் பாதி.

கிளமெண்டின் டீம் முதல் போட்டியிலேயே தோற்றது. கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை, தான்தான் மவுஸுக்கு இன்னும் பழகவில்லை என்று ரயிலில் எல்லோரிடமும் சொன்னான். ராத்திரியெல்லாம் பழகுகிறான் போலிருக்கிறது. இப்போதெல்லாம் காலையில் வண்டி பங்காரப்பேட்டை தாண்டும் முன்பே தூங்கிவிடுகிறான். மாலூரில் ஷாலினி இறங்கும்போது அவன் வாய் திறந்திருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம், “ஒயிட்பீல்டுல எழுப்பி விடுங்க” என்று சொல்லிவிட்டு இறங்குவாள்.