இரண்டாவது ஊசி

என் மனைவிக்கு ஊசியைக் கண்டாலே கண் சொருகிவிடும். அதனால்தான் நர்ஸ் மறுபடியும் ஊசியோடு வந்து நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முந்தாநாள்தானே எடுத்தீங்க? ஏத்த வந்தீங்களா, உறிஞ்ச வந்தீங்களா?"

"ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி வகையை ரெண்டு தடவை பாக்கணும் சார். ஒரே நேரத்துல எடுத்தது செல்லாது."

கர்ப்பப்பைக் கட்டியால் மாதக்கணக்கில் ரத்தம் போய், மனைவி வெளுத்துக் கிடந்தாள். ரத்தம் ஏற்றினால்தான் அறுவை சிகிச்சையே செய்ய முடியும். இவர்களோ சட்டம் பேசுகிறார்கள். வாய்க்கு வந்தபடி கத்தினேன். நர்ஸ் அசையவில்லை. மனைவியின் வாயாலேயே பெயரைச் சொல்லவைத்து, மணிக்கட்டுப் பட்டையோடு ஒத்துப் பார்த்து, ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். துணைக்கு வந்திருந்த மச்சினி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் சத்தத்துக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ரத்த வங்கிக்காரர் மூச்சிரைக்க வந்தார்.

"முதல்ல எடுத்தது ஏ. இப்ப எடுத்தது ஓ. ஒரு ஆளுக்கு ரெண்டு வகை இருக்காது சார்."

தூக்கிவாரிப் போட்டது. "குழாயை மாத்தித் தொலைச்சீங்களா?" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

"மாமா, அவரைத் திட்டாதீங்க," என்றாள் மச்சினி. "முதல்ல எடுத்தது என் ரத்தம்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. அக்கா பேரைக் கூப்பிட்டாங்க. அவ நடுங்கினா. நான் போய் உக்காந்து கையை நீட்டிட்டேன். கூடப்பிறந்தவங்களுக்கு ஒரே வகைதான் இருக்கும்னு நெனச்சேன் மாமா."

மனைவி போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இவளும் உடந்தை!

"ஏ ரத்தத்தை ஏத்தியிருந்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"உடம்பு ஏத்துக்காது. உள்ள போற ரத்தத்தையே அடிச்சு நொறுக்கும். கிட்னி போகும், உயிரும் போகலாம்." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஏ வகையில ரெண்டு பை இவங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தோம்."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் பேச்சைக் கேட்டு அந்த நர்ஸ் திரும்பிப் போயிருந்தால், இந்நேரம் அந்தப் பை இதே கம்பியில் தொங்கியிருக்கும். மச்சினி தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளைத் திட்ட எனக்கு நாக்கு எழவில்லை.

எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று நர்ஸ் மூன்றாவது ஊசியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினாள்.

"வாங்கம்மா," என்றேன். "எத்தனை தடவை வேணும்னாலும் எடுங்க."

மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் கையைத் தானே நீட்டினாள்.