சுரண்டினால்தான் தெரியும் வயது

1.
இந்தக் கதையை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திருடினேன். அவளும் அத்தானும் குகை ஓவியங்களுக்கு வயது கணிப்பவர்கள். மற்ற வீடுகளில் ரிமோட்டுக்குச் சண்டை. இங்கே இருபதாயிரம் ஆண்டுகளுக்கு.

முதல் தொடக்கம்: ‘காலம் உறைந்துபோன அந்த இருட்டில்...’

(அடித்துவிட்டேன். குகைப் பக்கமே நான் போனதில்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.)

2.
விஷயத்துக்கு வருகிறேன். பாறையில் சிவப்பாக ஒரு கை. அங்கே படிந்த சுண்ணாம்புப் படலத்தைச் சுரண்டி, அக்கா வயது கண்டாள்.* படலத்துக்கு அடியில் இருப்பதால் ஓவியம் இன்னும் பழையது என்று ஊரைக் கூட்டி அறிவித்தாள்.

“நீ சுரண்டினது ஓவியத்துக்கு மேல இருந்த படலமே இல்ல, கீழ இருந்தது” என்றார் அத்தான். அப்படியென்றால் ஓவியம் அதைவிட இளையது. அக்காவின் பேர் போச்சு.

“போட்டோ எடுத்திருப்பியே?” என்றேன்.

“எடுத்தேன். சுரண்டின பிறகு.”

*யுரேனியம் தோரியமாக மாறும் கணக்கு. மேற்கொண்டு கேட்காதீர்கள், வேதியியலில் நான் தேறியதே பெரும்பாடு.

3.
அத்தானை வில்லனாக்கப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். மனிதர் சண்டை முடிந்த கையோடு அவள் தட்டையும் சேர்த்துக் கழுவுகிறார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

4.
சந்தேகமே இல்லாமல் ஓவியத்தின் மேல் படிந்த படலம் இனி அந்தச் சிவப்புக் கையின் சுண்டுவிரலில் மட்டும்தான் இருக்கிறது. சுரண்டினால் உண்மை தெரியும், விரல் போய்விடலாம். சுரண்ட அனுமதி கிடைத்துவிட்டது.

முடிவு அ: சுரண்டுகிறாள், ஜெயிக்கிறாள், விரல் இல்லை. முடிவு ஆ: சுரண்டவில்லை, தோற்கிறாள். (முடிவு இ: வெள்ளம் வந்து குகை மூடிக்கொள்கிறது. கோழைகளுக்கானது. எனக்கு மிகவும் பிடித்தது.)

அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

“எல்லாத்துலயும் நான் அழகா அழறேன். அறிவிருக்காடா உனக்கு?”

“அப்ப என்னதான்க்கா செய்யப் போற?”



“சுரண்டாத, நான் சொன்னது தப்புன்னு நானே எழுதிக் குடுத்துடறேங்கறாரு உங்க அத்தான்.”

“நல்லதுதானே!”

“தப்புன்னு அவர் நம்பலடா. எனக்காகப் பொய் சொல்றாரு. அந்தப் பொய்யோட நான் எப்படி அவர்கூட உக்காந்து சாப்பிடறது?”

5.
இந்த இடத்தில் என் சாமர்த்தியமெல்லாம் தீர்ந்தது. நாளைக் காலை குகைக்குப் போகிறார்கள். விளக்கைப் பிடிக்கப்போவது அத்தான். கத்தியை எடுக்குமுன் அவள் ஒருமுறை அவர் முகத்தைப் பார்ப்பாள். அப்புறம்

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அவள் ஒரு பாத்திரம். எனக்கு அக்கா.