எண்ணெய் குடித்த வால்ரஸ்

கையில் வாங்கியதுமே எனக்குப் பொறி தட்டியது. கனம் போதவில்லை.

நான் வேலை பார்த்த வீட்டு மேடம் கனடாவுக்குத் திரும்பியபோது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன கல் சிற்பம் அது. பனிக்கடலில் வாழும் வால்ரஸாம்; இனுயிட் மக்கள் கையால் செதுக்கியதாம். என் கண்ணில் பட்டதோ அந்த இரண்டு தந்தங்கள்தான். தந்தம் இருந்தால் பிள்ளையாருக்குச் சொந்தம்தானே? சாமி அலமாரியில் வைத்து, ஒன்பது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் பூசி வந்தேன். போன வாரம் ஒரு தந்தம் ஆடியது. பசுந்தாங் வட்டாரத்தில் சிலைகளுக்குப் பழுது பார்க்கும் செல்லக்கண்ணு அண்ணனிடம் கொடுத்திருந்தேன்; அதைத்தான் இப்போது திருப்பி வாங்கினேன்.

"அண்ணே, இது என்னோடது இல்ல."

"ஒன்னோடதுதான் புஷ்பா. மொதல்லேருந்தே இது பிளாஸ்டிக்கு. அந்த வெள்ளக்காரம்மா ஒன்ன நல்லா ஏமாத்திட்டுப் போயிருக்கு."

சுருக்கென்றது. பதினாலு வருடம் மேடம் வீட்டில் சமைத்தேன். காய்ச்சலில் கிடந்தவருக்குக் கஞ்சி ஊட்டினேன். விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாரே, அதுவும் பொய்யா? ஒரு நிமிடம் மேடத்தையே சந்தேகப்பட்டேன்.

அப்போதுதான் செல்லக்கண்ணுவின் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வால்ரஸ்களைப் பார்த்தேன். அதே சாய்வு, அதே கீறல். அடியில் முக்கோணமும் கொக்கியுமாகச் சிற்பியின் அதே கையெழுத்து. கையால் செதுக்கியது மூன்று இப்படி அச்சு அசலாக இருக்குமா?

"அதெல்லாம் வேற ஆளுங்க குடுத்தது."

தூக்கிப் பார்த்தேன். ஒன்று மட்டும் கனத்தது.

"அதுக்குள்ள ஈயம் ஊத்தியிருக்கு" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

பேசிப் பயனில்லை. மூன்றையும் வாசற்படியில் வைத்தேன். சித்திரைப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்த வெயில், படி கொதித்தது. எதிர் டீக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க, நானும் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

அரை மணி கழித்து முகர்ந்து பார்த்தேன். இரண்டில் புது பிளாஸ்டிக் வாளி நாற்றம். கனத்த மூன்றாவதன் தந்தத்தடியில் பிசுபிசுவென்று ஏதோ கசிந்திருந்தது. நல்லெண்ணெய்!

அதை அவன் மூக்கருகே நீட்டினேன். "மோந்து பாருங்கண்ணே. வால்ரஸுக்கு எண்ணெ தடவுற பைத்தியம் இந்த ஊர்ல என்னத் தவிர எவ இருக்கா?"

அவன் மற்ற இரண்டையும் அவசரமாக உள்ளே எடுத்துப் போனான். டீக்கடையில் சிரிப்பு கேட்டது.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆடிய தந்தம் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன்.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே பூசினேன்.