ஃபோர்மேனுக்குப் பிடித்த பாட்டு

ஃபோர்மேனுக்கு எல்லாம் புரிந்தது. டாக்டர் சொன்னது புரிந்தது. மாப்பிள்ளை அடுத்த அறையில் குரலைத் தாழ்த்திப் போனில் பேசியதும் புரிந்தது. பதில்கூட மண்டைக்குள் ஒழுங்காக, சொல்லுக்குப் பின் சொல்லாக வந்து நின்றது. வாயருகே வந்ததும் மற்ற சொற்களெல்லாம் ஒதுங்கிக்கொள்ள, ஒன்றே ஒன்று முண்டியடித்து வெளியே விழும்.

"சரி."

தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் "சரி". முதுகு அரித்தால் "சரி". போடா முட்டாளே என்று திட்ட நினைத்தாலும் "சரி"தான். பக்கவாதம் ஒரு காலை வேளையில் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் வாரிக்கொண்டு போனபோது இந்த ஒரு சொல்லை மட்டும் ஏனோ தவறவிட்டுப் போயிருந்தது. தலையை ஆட்டிச் சொல்லலாம் என்றால் அதிலும் கோளாறு. இல்லை என்று ஆட்ட நினைத்த தலை ஆமாம் என்று ஆடிவைத்தது. "போகப் போகச் சரியாகும். இப்போதைக்கு அவர் தலையாட்டறதை நம்பாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சொன்ன அறிவுரைகளில் வீட்டார் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது இது ஒன்றைத்தான்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒரு பகுதி முழுவதையும் அதட்டி வேலை வாங்கிய மனிதருக்கு இந்த நிலை. அதையும் பொறுத்துக்கொண்டார். மகள் சோறு ஊட்டுவதைப் பொறுத்துக்கொண்டார். மாப்பிள்ளை தாடி மழித்துவிடுகிறேன் என்று பாதி மீசையை எடுத்ததையும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது பாட்டுதான்.

அவரைக் கவனித்துக்கொள்ள மகள் வந்த முதல் வாரமே கட்டிலருகே ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்தாள். அதில் நிறைய அம்மா விரும்பிக் கேட்ட பாட்டு. அம்மா போய் இரண்டு வருடமாகிறது. மாலையானால் அம்மா கூடத்து சோபாவில் உட்கார்ந்து பழைய பாட்டுப் போடுவாள். அப்பா பக்கத்தில் வந்து உட்காருவார். ஒரு பேச்சு இருக்காது. அதைப் பார்த்தே வளர்ந்தவள் மகள். "எங்க அப்பா அம்மா மாதிரி பாட்டை ரசிச்சுக் கேக்கறவங்களைப் பாக்கவே முடியாது" என்று கல்யாணமான புதிதில் மாப்பிள்ளையிடம் பெருமையடித்ததும் உண்டு.

ஃபோர்மேனுக்கு அந்தப் பாட்டுகள் அறவே பிடிக்காது. புல்லாங்குழல் ஒரு பக்கம் இழுக்கும், வயலின்கள் கூட்டமாக மறுபக்கம் இழுக்கும், நடுவில் ஒருவர் நிலாவிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருப்பார். நிலா என்றைக்குப் பதில் சொல்வது, பாட்டு என்றைக்கு முடிவது?

அவருடைய பாட்டு வேறு. தொழிற்சாலையில் அட்டை வெட்டும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் கேட்காது. கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் எதைப் போட்டாலும் குரலும் குழலும் அந்த இரைச்சலில் கரைந்துபோகும். தப்பிப் பிழைத்து ஆளிடம் வந்து சேர்வது தாளத்தின் அடி மட்டும்தான். அதனால் அங்கே பாட்டைக் காதால் தேர்ந்தெடுப்பது கிடையாது, வயிற்றால்தான். தரை வழியாகச் செருப்பில் ஏறித் தொப்புளில் வந்து இடிக்க வேண்டும். புதிதாக ஒரு பாட்டு வந்தால் இளவட்டங்கள் கொண்டுவந்து போட்டுவிட்டு ஃபோர்மேன் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் காலைத் தரையில் அழுத்தி நின்று கேட்டுவிட்டு, "இது ஓடும்" என்பார். இல்லையென்றால் "தூக்கிப் போடு" என்பார். மேல்முறையீடு கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் இயர்போனை மாட்டிக்கொண்டு புதுப்பாட்டாகக் கேட்டபடிதான் நடக்கப் போவார். செய்தி கேட்கிறார் என்று வீட்டில் நினைத்தார்கள். அவரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

விட்டது இப்போது வினையாயிற்று.

முதல் நாள் அம்மாவின் பாட்டு தொடங்கியதும் நிறுத்தச் சொல்லி, "சரி! சரி!" என்று கத்தினார். மகள் ஒலியைக் கூட்டினாள். இன்னும் கத்தினார். இன்னும் கூட்டினாள். மறுநாள் இடது கையால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். கை தவறிவிட்டது என்று அதை எட்டாத உயரத்தில் அலமாரி மேல் தட்டில் வைத்தாள். மூன்றாம் நாள் ஆற்றாமையில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. மகள் அதைப் போனில் படமெடுத்து, 'அம்மா பாட்டைக் கேட்டு அப்பா' என்று எழுதி உறவினர் குழுவில் போட்டாள். சொந்தபந்தம் அத்தனையும் இதயமாக அனுப்பிக் குவித்தது. அவருடைய தங்கை போனிலேயே விசும்பினாள். "அண்ணி குரல் அண்ணனுக்கு அந்தப் பாட்டுல கேக்குதுடி. நிறுத்திடாதே. ராத்திரி பகல் ஓடட்டும்."

ஃபோர்மேன் கூரையைப் பார்த்தார். இந்தத் தங்கையைச் சின்ன வயதில் ஒருமுறை கிணற்றில் விழாமல் பிடித்தோமே என்று நினைத்துக்கொண்டார்.

பயிற்சி நிலையத்துக்கும் ஸ்பீக்கர் கூடவே வந்தது. அதற்குக் காரணம் அங்கே நடை பழக்கும் பிசியோ தம்பிதான். இடுப்புயரத்தில் இரண்டு இரும்புக் கம்பிகள் இணையாக ஓடும். நடுவில் நடக்க வேண்டும். "தாளத்துக்குத் தாளம் காலை எடுத்து வைங்க சார். தாளம் இருந்தா காலுக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும்" என்றான். "அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு என்கிட்ட இருக்கு" என்று மகள் முந்திக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியது. ஃபோர்மேன் இடது கையால் கம்பியைப் பிடித்து எழுந்தார். முதல் அடி வந்தது, காலைத் தூக்கினார். அடுத்த அடி வருவதற்குள் வயலின்கள் குடும்பத்தோடு வந்து விசாரித்துவிட்டுப் போயின. அதுவரை ஒற்றைக் காலில் நிற்க அவரென்ன கொக்கா? சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் எழுந்திருக்கவே இல்லை.

பிசியோ மகளைச் சன்னலோரம் அழைத்துப்போய்ச் சொன்னான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சார் ஒத்துழைக்கல. கால்ல தெம்பு இருக்கு, மனசு வைக்க மாட்டேங்கறார். இந்த வாரமும் இப்படியே போனா, சேர்ல உக்காந்தபடி செய்யற பயிற்சிக்கு மாத்திடலாம். வீட்டுல சேர் போற மாதிரி வாசப்படியை மட்டும் கொஞ்சம் இடிச்சு…"

"நடக்கவே மாட்டாரா?" என்றாள் மகள். முகம் சுருங்கிவிட்டது.

"அவர் நினைக்கணும்."

கேட்டுக்கொண்டிருந்த ஃபோர்மேனுக்குக் காது சுட்டது. இந்த நிலா நியாயத்தைக் கேட்டபடி மிச்சக் காலத்தை நாற்காலியில் கழிப்பதா? ஆனது ஆகட்டும், இன்றைக்கு இந்தப் பாட்டை ஒழித்தாக வேண்டும். எப்படி என்பது மட்டும் தெரியவில்லை.

அப்போது கம்பிகளின் அந்தக் கோடியில் இருந்து ஓர் அடி எழுந்தது. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிற பெண் ஒருத்தி, வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் உடைந்து பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தாள். தன் போனைச் சன்னல் கட்டையில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டுக் காலை நீட்டி மடக்கினாள். பாதி பாட்டு, பாதி பேச்சு. அடியில் முரசு மாதிரி ஒன்று. கட்டையே அதிர்ந்தது. ஃபோர்மேன் காலைத் தரையில் அழுத்தினார். வந்தது. இது ஓடும்!

"ஏம்மா, கொஞ்சம் நிறுத்தறியா?" என்றாள் மகள். "அப்பாவுக்கு இந்த மாதிரி இரைச்சல் ஆகாது."

"சரி!" என்று அலறினார் ஃபோர்மேன். கை வைத்தாயோ தொலைந்தாய் என்று பொருள்.

"பாத்தியா, அவரே சொல்றார்."

"சாரி அங்கிள்" என்று அந்தப் பெண் பாட்டை அணைத்தாள்.

ஃபோர்மேன் பல்லைக் கடித்தார். கம்பியைப் பிடித்து, யாரும் தொடுவதற்குள் எழுந்தார். பிசியோ ஓடிவந்து பின்னாலிருந்து இடுப்புப் பட்டையைப் பற்றிக்கொண்டான். ஃபோர்மேன் இடுப்பைக் கம்பியில் சாய்த்து நின்றுகொண்டு, விடுவித்த இடது உள்ளங்கையால் கம்பியைத் தட்டத் தொடங்கினார். இரும்பு கணீரென்றது. இரண்டு அடி, ஓர் இடைவெளி, மூன்று அடி, மறுபடி இரண்டு. நின்றுபோன பாட்டை நின்ற இடத்திலிருந்து பிடித்தார்.

பார்சல் பெண் காலை மடக்குவதை நிறுத்தினாள். "அக்கா, அங்கிள் என் பாட்டைத் தட்டறார்."

"சும்மா தட்டறாரும்மா. கை நடுக்கம்."

"இல்லக்கா, அந்த இடைவெளிகூட அப்படியே விடறார். என் தம்பிக்கே அது வராது." அவள் எட்டிப் பாட்டைத் திரும்பப் போட்டாள். அடியும் தட்டும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழுந்தன.

ஃபோர்மேன் தட்டுவதை நிறுத்திக் கம்பியைப் பற்றினார். இடது கால் போயிற்று. வலது காலைப் பார்த்தார். தொழிற்சாலையில் சோம்பேறிகளைப் பார்க்கிற அதே பார்வை. அடி வந்தது. வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு, முனகிக்கொண்டு, வந்து சேர்ந்தது. நிற்க நேரமில்லை, அடுத்த அடி வந்துவிட்டது. இடது. வலது. "சார், மெதுவா! மெதுவா சார்!" என்று பிசியோ பின்னால் இழுபட்டு வந்தான். சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, வாயோரம் எச்சில் வழிய, கம்பி முடிகிற வரைக்கும் போனார். சன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றினார். போனை எடுத்தார். ஒலியைக் கூட்டும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார், அது மேற்கொண்டு கூடாது என்கிற வரை அழுத்தினார்.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் ஸ்பீக்கர். போனை வைத்துவிட்டு அவர் அதை வாங்கினார். அதன் பொத்தானை அமுக்கி அணைத்தார். அவள் கைப்பையைக் காட்டினார்: உள்ளே வை.

அறையில் பிசியோ மட்டும் சிரித்தான். மகள் முகத்தைப் பார்த்ததும் அவனும் நிறுத்திக்கொண்டான்.

டாக்சியில் அவள் ஸ்பீக்கர் இருந்த கைப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அவரைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு அம்மா பாட்டு பிடிக்காதா?"

அவருக்குச் சொல் வராது, தலையையும் நம்ப முடியாது.

"எப்பவுமேவா? நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவும்?" அவள் முக்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அப்போ தினம் சாயங்காலம் பக்கத்துல வந்து உக்காந்தது எதுக்கு? அம்மாவை ஏமாத்தினீங்களா? நான்தான் அசடு. அதையே நினைச்சுக்கிட்டு, ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டு…"

இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. மூன்று வாக்கியமாவது வேண்டும். கைவசம் ஒரு சொல்தான். ஃபோர்மேன் யோசித்தார். பிறகு சோபாவில் கொஞ்சம் நகர்ந்து, அவள் அம்மா உட்காரும் மூலைக்குப் போனார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். ஆள்காட்டி விரலை நெற்றிப்பொட்டில் வைத்தார். கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, பாடுகிறவரோடு கூடவே வெறும் உதட்டசைவில் ஊமையாகப் பாடினார். யாரோ பேசிவிட்டது போலச் சட்டென்று ஒரு கண்ணைத் திறந்து முறைத்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

கோணிப்போயிருந்த அந்த முகத்தில் அம்மா அப்படியே வந்து உட்கார்ந்திருந்தாள். மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, அந்த முறைப்பு!"

அவர் சிரிக்கவில்லை. பழையபடி தன் இடத்துக்கு நகர்ந்தார். தன் காதைத் தொட்டுக் கையை உதறினார். இரண்டு விரலால் தன் கண்களைக் காட்டி, அந்த விரல்களை மெல்லக் கொண்டுபோய் இப்போது காலியாக இருந்த மூலையில் நிறுத்தினார். கையை எடுக்கவே இல்லை.

மகள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டைக் கேக்கல" என்றாள் கடைசியில். "அம்மாவைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

அவர் கை கீழே இறங்கியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கைப்பையிலிருந்து ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கும்ப்பா. நடிப்பில்லை, நிஜமாவே பிடிக்கும். நான் என் பாட்டுக்குக் கேட்டுக்கறேன். உங்களுக்கு உங்க போனைச் சார்ஜ் போட்டுத் தரேன். அதுல என்னென்ன கண்றாவி வெச்சிருக்கீங்கன்னு பாக்கலாம்."

பார்த்தார்கள். நிறைய இருந்தது. அதிலும் எல்லாப் பாட்டுக்கும் அவர் காலை எடுத்து வைத்துவிடவில்லை. ஒன்றுக்கு உதட்டைப் பிதுக்கினார், ஒன்றுக்குக் கையைத் தூக்கி எறிவது போல வீசினார். "இதுவுமா ஆகல? மாமாவுக்கு எவ்வளவு கிராக்கி பாரு" என்றார் மாப்பிள்ளை. தேறிய பாட்டுகளோடு தினமும் காலையில் பயிற்சி நிலையத்திலும் மாலையில் கூடத்திலும் நடை. கம்பியிலிருந்து, பிடித்துத் தள்ளி நடக்கும் வாக்கருக்கு வந்தார். வலது கால் வாசலில் முரண்டு பிடித்தது, ஈரத்தரையில் பயந்தது, சில நாள் அடியோடு மறுத்தது. அவர் விடவில்லை.

ஒரு மாலை கூடத்தில் அவருடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் மகள் காய் நறுக்கிக்கொண்டே அம்மாவின் பாட்டைப் போட்டிருந்தாள். திறந்திருந்த கதவு வழியாக வயலின்கள் ஒவ்வொன்றாகக் கூடத்துக்குள் நுழைந்து, முரசின் இடைவெளியில் வந்து உட்கார்ந்துகொண்டன. ஃபோர்மேன் பொறுத்துப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டில் இல்லை. கூப்பிட்டால் "சரி" என்றுதான் வரும்.

வாக்கரை இழுத்தார். யாரும் பட்டையைப் பிடிக்காமல் எழுந்தார். கூடத்தைக் கடந்தார். சாப்பாட்டு மேசையைச் சுற்றினார். மேசைக்கும் சுவருக்கும் நடுவே வாக்கர் இடித்தது. பின்வாங்கி, திருப்பி, மறுபடி நுழைந்தார். சமையலறை வாசலுக்கு வந்து மூச்சு வாங்க நின்றார்.

மகள் திரும்பிப் பார்த்தாள். கத்தி கையிலேயே நின்றது. "அப்பா! தனியாவா வந்தீங்க? என்னப்பா, என்ன வேணும்?"

ஃபோர்மேன் அவளைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். இடது கையை நீட்டிக் கதவின் பிடியைப் பற்றினார். தன் பக்கமாக இழுத்து, நன்றாகப் பொருந்துகிறவரை அழுத்திச் சாத்தினார்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தொடர்ந்து, வேண்டுமென்றே, வயலின்கள் சத்தமாயின.

அவர் வாக்கரைக் கூடத்தின் பக்கம் திருப்பினார். தன் பாட்டின் ஒலியைக் கூட்டுவதற்கு இன்னும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது. நடந்தார்.